கதிரையில் இருந்தாலும் முதுகு நோகும்



"மலையில நிக்கிற எனக்கு வராத நோவா, கதிரையில குந்தியிருக்கிற ஒனக்கு வந்திருச்சு?"

பல்லேகமப் பக்கத்தில் ஒரு லயத்து வீட்டு இஸ்தோப்பில் நாங்கள் காதால் கேட்ட பேச்சு இது. கேட்டவர் 25 வருடம் கொழுந்தெடுத்த ஒரு தாய். தலையைக் குனிந்து நின்றது அவருடைய மகள். உயர்தரம் முடித்து, கணனி வகுப்புக்குப் போய், கணக்கு விபரங்களைக் கணனியில் பதியும் வேலை ஒன்றையும் தேடிக்கொண்ட பிள்ளை. வேலைக்குப் போய் நாலு மாதம்கூட ஆகவில்லை. கழுத்தில் பிடிப்பு, தோளில் எரிவு. இரவு படுத்தால் வலது கை விறைத்துப் போகிறது. "வேலைய விட்டுடப் போறேம்மா" என்று சொன்னதற்குத்தான் அந்தப் பதில்.

தாயைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. காலையில் பிரட்டுக்குப் போய், மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று, நிறுவை வரைக்கும் சுமந்து வருகிறவருக்கு, விசிறிக் காற்றில் கதிரையில் உட்காரும் வேலை பெரிய சொகுசாகத்தான் தெரியும். "எம் புள்ள கூடை தூக்கக் கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படிக்க வைத்த தாயல்லவா! ஆனால் அந்த மகள் சொன்னதும் பொய்யில்லை. கதிரையில் இருந்தாலும் முதுகு நோகும். கணனி வேலையிலும் கை பழுதாகும். அதைத் தடுக்க வழியும் உண்டு. அநேகமான வழிகளுக்குக் காசு தேவையில்லை. அதைத்தான் இந்த இதழில் விளக்குகிறோம்.

எங்கள் பிழையையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஒரு நிலையத்தில் பிள்ளைகளுக்காகக் கணனிகள் வைத்தோம். கணனி வாங்கினோம், வயர் இழுத்தோம், ஜன்னலுக்குக் கம்பி போட்டோம். மேசை கதிரையைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. உயரமான சாப்பாட்டு மேசையும், பழைய பள்ளிக்கூட வாங்கும் இருந்தன. அதிலேயே உட்கார வைத்தோம். பிள்ளைகள் அரை மணியில் நெளிந்தார்கள். "கவனமில்லாத பிள்ளைகள்" என்று நாங்களும் ஏசினோம். பிறகுதான் தெரிந்தது, பிழை பிள்ளைகளில் இல்லை, வாங்கில்.

அசையாமல் இருப்பதும் பாரமான வேலைதான்

கூடை தூக்கினால் முதுகு நோகும் என்பது எல்லோருக்கும் புரியும். சும்மா உட்கார்ந்தால் ஏன் நோக வேண்டும்?

கையை நீட்டி ஒரு வெறும் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நில்லுங்கள். கோப்பையில் பாரமே இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் தோள் கடுக்கும். தசை சுருங்கி விரியும்போதுதான் அதற்குள் இரத்தம் நன்றாக ஓடுகிறது. சுருங்கியபடியே நின்றால் ஓட்டம் குறைகிறது, உளைவு வருகிறது. கணனி முன் தோளைத் தூக்கிக்கொண்டு, கழுத்தை முன்னுக்கு நீட்டிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருப்பவருக்கு நடப்பதும் இதுதான்.

நம் தலையின் பாரம் ஏறத்தாழ 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் முதுகெலும்பு அதைத் தாங்கிக்கொள்ளும். குனியக் குனிய, கழுத்துத் தசைகள் தலையை இழுத்துப் பிடிக்க வேண்டும். நியூயோர்க்கில் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற முதுகெலும்பு அறுவை வைத்தியர் 2014 இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தில் ஏறுவது ஏறத்தாழ 27 கிலோ. பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்குக் கேட்கும் கொழுந்தைவிட இது கூட. மடியில் ஃபோனை வைத்துக் குனிந்து பாடம் படிக்கும் பிள்ளையின் கழுத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடை தொங்குகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது. இது கொழுந்தெடுக்கும் தாய்மாருக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. விரலை மடக்கும் தசைநார்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய வழியால் போகின்றன. அதே வழியால்தான் பெருவிரலுக்கும் அடுத்த விரல்களுக்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பும் போகிறது. மணிக்கட்டை மடித்து வைத்தபடி நாள் முழுக்க வேலை செய்தால் அந்த வழி வீங்கி, நரம்பு நெரிபடலாம். அப்போதுதான் இரவில் கை விறைப்பதும், ஊசி குத்துவதும்.

இது இன்று நேற்று வந்த நோவல்ல

இத்தாலியில் பெர்னார்டினோ ரமாசினி என்று ஒரு வைத்தியர் இருந்தார். தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700 இல் புத்தகம் எழுதியவர். 1713 இல் அதை விரித்து வெளியிட்டபோது, கணக்கு எழுதும் கிளாக்கர்மாரைப் பற்றியும் எழுதினார். அவர்களின் நோவுக்கு அவர் காட்டிய காரணங்கள்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி ஓட்டுவது, பிழை வரக்கூடாதே என்று மனதை இறுக்கி வைத்திருப்பது. கணனி வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே சொன்னது இது!

பிறகு தந்தி அடிப்பவர்களுக்குக் கை இழுத்துக்கொள்ளும் நோய் வந்தது. 1908 இல் பிரித்தானியா அதை நட்டஈடு பெறக்கூடிய தொழில் நோயாக ஏற்றுக்கொண்டது. 1980களின் நடுவில் அவுஸ்திரேலியாவில் தட்டச்சு, தொலைபேசி அலுவலகங்களில் வேலை செய்த ஏராளமான பெண்கள் கை நோவென்று முறையிட்டார்கள். அங்கேயும் சிலர் "நடிப்பு" என்றுதான் சொன்னார்கள். 1990 இல் ஐரோப்பிய நாடுகள் கணனித் திரை முன் வேலை செய்பவர்களுக்கென்றே ஒரு விதியைக் கொண்டுவந்தன. மேசை கதிரையைப் பரிசோதிப்பதும், இடையில் ஓய்வு கொடுப்பதும், கண்ணைச் சோதிக்க வழி செய்வதும் முதலாளியின் கடமை என்றானது.

ஆகவே, "கதிரையில் இருக்கிறவளுக்கு என்ன நோவு?" என்ற கேள்விக்கு உலகம் பதில் சொல்லிவிட்டது.

தேயிலைச் செடி சொல்லித் தரும் பாடம்

இனி வழிக்கு வருவோம். தோட்டத்தில் மூன்று, நாலு, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டுகிறோம். ஏன்? விட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும். புதுக் கொழுந்து வருவதற்காகவும், பறிக்கிறவரின் கைக்கு எட்டுவதற்காகவும் வெட்டுகிறோம். கம்பை வைத்து மட்டம் பார்ப்பதும் அதற்காகத்தான். செடியைக் கைக்கு ஏற்றபடி இறக்குகிறோமே தவிர, ஆளை இழுத்து நீட்டுவதில்லை.

கணனி மேசைக்கும் இதே விதிதான். வேலையை உடம்புக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும், உடம்பை வேலைக்கு ஏற்றபடி வளைக்கக் கூடாது. நம் வீட்டு மேசைகள் அநேகமாக 29, 30 அங்குல உயரம். நம் பிள்ளைகளில் பலர் ஐந்தடிக்குக் கீழே. அவர்கள் அதில் தட்டும்போது தோள் காதுக்கு ஏறிவிடும்.

கீழிருந்து மேலே அளந்து வாருங்கள்

வீடு கட்டுவது மாதிரி, அத்திவாரத்தில் தொடங்குங்கள். அளவுநாடா வேண்டாம். சொந்த உடம்பே அளவுகோல்.

முழங்கை: கதிரையில் நிமிர்ந்து இருங்கள். தோளைத் தொங்க விடுங்கள். முழங்கையை மடித்துக் கையை முன்னுக்கு நீட்டுங்கள். விசைப்பலகை அந்த மட்டத்தில், அல்லது ஒரு விரல் கீழே இருக்க வேண்டும். மேசை உயரமென்றால் அதன் காலை அறுக்க வேண்டாம். ஆளை உயர்த்துங்கள். ஒரு பழைய கம்பளியை நாலாக மடித்துக் கதிரையில் போடலாம். அநேகமாக நாலு விரல் உயர்ந்தால் போதும். அமுங்கிப் போகும் பஞ்சுத் தலையணை சரிவராது.

பாதம்: ஆளை உயர்த்தினால் கால் தொங்கும். தொங்கும் கால் தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தி விறைக்க வைக்கும். ஆகவே காலுக்குக் கீழே ஒரு பலகையோ, தேயிலைப் பெட்டிப் பலகையோ, இரண்டு செங்கல்லோ வையுங்கள். பாதம் முழுவதும் பதிய வேண்டும்.

முதுகு: கதிரையின் பின்னுக்குப் போய் உட்காருங்கள். இடுப்புக்கு மேலே முதுகு உள்ளே வளையும் இடத்துக்கு ஒரு துவாயைச் சுருட்டி வையுங்கள். முழங்காலின் பின்பக்கத்துக்கும் கதிரை விளிம்புக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடம் இருக்கட்டும். முதுகு சாயாத ஸ்டூலும் வாங்கும் நீண்ட நேரத்துக்கு உதவாது. வேறு வழியில்லையென்றால் வாங்கைச் சுவரோரம் போட்டுச் சுவரில் சாயுங்கள்.

மணிக்கட்டு: மேலேயும் மடியக் கூடாது, பக்கத்திலும் மடியக் கூடாது. முன்கையும் கையும் ஒரே நேராகப் போகட்டும். மவுஸ் விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். எட்டிப் பிடித்தால் தோள் நோகும். மேசை விளிம்பு மணிக்கட்டை வெட்டினால் அதில் துணி சுற்றுங்கள்.

திரை: கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரம் போதும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், அல்லது சற்றுக் கீழே. பழைய புத்தகங்களை அடுக்கி உயர்த்தலாம். கண்ணாடி போட்டுக் கீழ்ப்பகுதியால் வாசிக்கும் பெரியவர்களுக்குத் திரை இன்னும் கொஞ்சம் கீழே இருப்பது நல்லது.

பார்த்துத் தட்டும் தாள்: மேசையில் படுக்க வைத்தால் கழுத்து நூறு தரம் திரும்பும். திரைக்குப் பக்கத்தில் எதிலாவது சாய்த்து நிறுத்துங்கள்.

லெப்டொப்பும் ஃபோனும்

லெப்டொப்பில் ஒரு சங்கடம் உண்டு. திரையும் விசைகளும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. திரையைக் கண்ணுக்கு உயர்த்தினால் கை மேலே போகும். விசையைக் கைக்கு இறக்கினால் தலை கீழே போகும். பாடம் பார்க்க மட்டுமென்றால் லெப்டொப்பைப் புத்தக அடுக்கில் உயர்த்துங்கள். அதிகம் எழுத வேண்டுமென்றால் தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கி இணையுங்கள். பணம் செலவழிக்க முடியுமென்றால், எங்கள் ஆலோசனை விலையான கதிரை அல்ல, இந்த இரண்டும்தான்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியபோது, நம் பிள்ளைகள் பலருக்கு ஃபோன்தான் வகுப்பறை. சிக்னல் தேடிக் கல்லிலும் மேட்டிலும் குந்தியிருந்து படித்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஃபோனை மேசையில் ஒரு டின்னில் சாய்த்து, முகத்துக்கு நேராக வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். கட்டிலில் குப்புறப் படுத்துப் பார்ப்பது கழுத்துக்கு ஆகாது.

வெளிச்சமும் கண்ணும்

லயத்துக் காம்பராவில் அநேகமாக நடுவில் ஒரு பல்ப், முன்னால் ஒரு கதவு. கதவுக்கு முதுகு காட்டி இருந்தால் வெளிச்சம் திரையில் பட்டுக் கூசும். கதவைப் பார்த்து இருந்தால் கண்ணில் படும். ஆகவே கதவும் ஜன்னலும் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்புங்கள். இருட்டறையில் திரை வெளிச்சத்தில் மட்டும் வேலை செய்ய வேண்டாம்.

திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது பாதியளவுக்குக் குறைந்துவிடும். கண் காய்ந்து எரியும். அடுப்புப் புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை 20 விநாடி பாருங்கள். நமக்கென்ன குறை? தலையை நிமிர்த்தினால் மலை தெரிகிறது. தலையிடியோடு எழுத்தும் மங்கலாகத் தெரிந்தால் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். மேசையை நகர்த்துவதால் பார்வைக் குறை தீராது.

எழும்புங்கள், நடங்கள்

எவ்வளவு நல்ல கதிரையானாலும் அதிலேயே உறைந்துபோனால் நோவு வரும். அரை மணிக்கு ஒரு முறை எழும்புங்கள். தண்ணீர் குடிக்கப் போங்கள். தோளை இரண்டு தரம் சுழற்றுங்கள், விரலை விரித்து மடக்குங்கள். ஒரேயடியாக அரை மணி ஓய்வு எடுப்பதைவிட, அடிக்கடி ஒரு நிமிடம் எழும்புவது உடம்புக்கு உதவும்.

கரண்ட் விசயத்தில் கவனம்

மேசை போடும்போது கூரை ஒழுகும் இடத்தைப் பாருங்கள். கூரைக்கு மேலே பார்த்துத்தான் கணனிக்கு இடம் தேட வேண்டும். ஒரே பிளக்கில் கணனி, ரைஸ்குக்கர், இஸ்திரிப்பெட்டி எல்லாம் சொருக வேண்டாம். நடக்கிற வழியில் வயரைப் போட வேண்டாம். சித்திரை மாதத்திலும், ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரம் இடி முழக்கம் தொடங்குமுன்பே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

எப்போது டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும்?

வேலை முடிந்து ஓய்ந்தால் போய்விடும் உளைவுக்குப் பயப்பட வேண்டாம். மேசையைச் சரிசெய்யுங்கள். ஆனால் இரவில் கை விறைத்து நித்திரை கலைந்தால், பெருவிரல் பக்கம் உணர்ச்சி குறைந்தால், கோப்பை கையிலிருந்து நழுவினால், கழுத்து நோவு கைவரைக்கும் இறங்கினால், காத்திருக்க வேண்டாம். தோட்ட வைத்திய உதவியாளரிடம் காட்டி, அவர் சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன வேலை, எத்தனை மணித்தியாலம் என்பதையும் சொல்லுங்கள். தைலம் தேய்த்து நோவை மறைத்துக்கொண்டு அதே வேலையைத் தொடர்ந்தால் நரம்புப் பாதிப்பு கூடலாம். ஆரம்பத்தில் காட்டினால் அநேகமாகச் சுலபமாகக் குணப்படுத்தலாம்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. காலுக்குப் பலகை கேட்பதும், திரையை உயர்த்தக் கேட்பதும் வெட்கமில்லை. "வந்தவுடனே சொகுசு கேக்குது" என்று நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தால், வாய்க்கு வந்த வேலை கைக்கு இல்லாமல் போகும்.

அந்த மகளுக்கு என்ன ஆனது?

அன்றைக்கே நாங்கள் டிஸ்பென்சரிக்குப் போகச் சொன்னோம். ஆஸ்பத்திரியில் இரவில் கட்டிக்கொள்ள மணிக்கட்டுக்கு ஒரு பட்டி கொடுத்தார்கள். வேலை இடத்தில் கதிரைக்கு மடித்த கம்பளி, காலுக்குப் பலகை, திரைக்குக் கீழே இரண்டு கணக்குப் புத்தகம். நோவு ஒரே நாளில் போகவில்லை. கிழமைக் கணக்கில் குறைந்தது. வேலையை அவள் விடவில்லை.

கம்பளியை மடித்துக் கொடுத்தது யார் தெரியுமா? அந்தத் தாய்தான். கொடுத்துவிட்டு எங்களிடம் கேட்டார்: "எனக்கும் ராவுல கை வெறைக்கிதுங்க. இத்தனை வருசமா வயசுக் கோளாறுன்னு இருந்துட்டேன். இதுவும் அதுதானா?" அவரையும் அனுப்பினோம். கதிரை நோவைப் பற்றிப் பேசப் போன இடத்தில் கூடை நோவையும் கேட்க வேண்டி வந்தது. தாய்மார்களே, உங்கள் நோவும் விதியில்லை. அதையும் சொல்லுங்கள்.

ரிவர்ஸ்டன் தாண்டி, இலுக்கும்புர வழியாக இறங்கிப் பல்லேகமவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பட்டினத்தை விட்டு, கடைகளையும் அலுவலகங்களையும் புதிய லக்கல நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பட்டினத்தையே இடம் மாற்ற முடிந்த ஊரில், ஒரு மேசையை நாலு விரல் சரிசெய்வது பெரிய காரியமில்லை.

இன்றிரவு பிள்ளை படிக்க உட்காரும்போது பக்கத்தில் போய்ப் பாருங்கள். பாதம் பதிந்திருக்கிறதா? தோள் தொங்குகிறதா? மணிக்கட்டு நேரா? திரை கண்ணுக்கு நேரா? வெளிச்சம் பக்கத்திலா? ஐந்தில் ஒன்று பிழையென்றாலும் கம்பளியையும் பலகையையும் எடுங்கள். சரிவரவில்லையென்றால் உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்துச் சரிசெய்து தருவோம்.